மூன்று கரண்டி

வெரிபீ, மெல்பேர்ண்
1975 ஜூன் 5

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. உங்கள் தம்பி வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். கடிதம் என் பெயருக்கு வந்தாலும் அவர்தான் முதலில் உடைப்பார். "அக்காவின்ரை எழுத்தைப் பார்த்தால் பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். உண்மைதான். வாசித்து முடிந்ததும் நான் குசினியைத் திரும்ப ஒருமுறை கூட்டினேன்.

வைதேகிக்கு ஏழு மாதம் ஆகிறது. கீழ் முரசில் இரண்டு பல் எட்டிப் பார்க்கிறது. எனக்குப் பால் வற்றிய நாளிலிருந்து, நீங்கள் எழுதியபடியே பசுப்பாலை மூன்று முறை பொங்கப் பொங்கக் காய்ச்சி, ஆடை எடுத்து, வடித்துத்தான் கொடுக்கிறேன். அரிசிக் கஞ்சியைத் தவிர வேறொன்றும் வாயில் வைக்கவில்லை.

ஒரு சந்தேகம், கோபிக்காதீர்கள். குழந்தைகளை நிறுத்துப் பார்க்கும் கிளினிக் சிஸ்டர் போகும்போதெல்லாம் கேட்கிறாள்: "தோடம்பழச் சாறு குடுக்கிறாய்தானே?" நான் தலையாட்டிவிட்டு வருகிறேன். நீங்கள் வேண்டாம் என்றதை அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? இங்கே வீட்டுக்கு வீடு பின்வளவில் லெமன் என்கிற பெரிய மஞ்சள் தேசிமரம் நிற்கிறது. எங்கள் வளவிலும் ஒன்று. இந்தக் குளிரிலும் காய்த்துக் கொட்டுகிறது. பொறுக்க ஆளில்லாமல் புல்லுக்குள் கிடந்து அழுகுகிறது. ஒரு சொட்டு, சீனி போட்டுக் கொடுக்கலாமா? நீங்கள் ஓம் என்று எழுதினால் மட்டும் கொடுப்பேன்.

பிள்ளை நித்திரையான பிறகு ரைப் அடிக்கிறேன் என்று எழுதினேன் அல்லவா? மிஸ்டர் பெலமி என்று இளைப்பாறிய தலைமை ஆசிரியர் ஒருவர், ஐரோப்பியர் வரைபடம் இல்லாத கடலுக்குள் முதல்முதல் கப்பல் விட்ட கதையைப் புத்தகமாக எழுதுகிறார். அத்தியாயம் அத்தியாயமாகக் கொண்டுவந்து தருவார். பேராதனைக் கம்பஸில் நாங்கள் இதைப் படித்தபோது அரசர்களின் பெயரும் ஆண்டும்தான் படித்தோம். பீப்பாய்த் தண்ணீர் பச்சையாகி நாறியதையும், புழு தெரியாமலிருக்க பிஸ்கற்றை இருட்டில் வைத்துத் தின்றதையும் யாரும் சொல்லித் தரவில்லை. தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. மேற்கே இன்னும் கடல் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு இரவில் கப்பலைப் பாறையில் ஏற்றியிருக்கிறார்கள். ஆபிரிக்காவின் தெற்கு முனையில் இறங்கினால் ஒரு கல்லின் கீழே கடிதத்தை வைத்துவிட்டுப் போவார்களாம். எதிர்ப்பக்கம் போகிற அடுத்த கப்பல் எடுத்துக்கொண்டு போகும். போகாமலும் விடும்.

புயல் அடித்தால் எல்லாரும் நேர்த்தி வைப்பார்களாம். பாய்மர உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுகிறேன், நடந்தே கோவிலுக்குப் போகிறேன் என்று. கரை கண்டதும் மறந்துவிடுவார்கள். பெலமி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கென்னவோ பாவமாக இருந்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

இங்கே காற்று, சமதரை, மழை. கதைக்க ஒரு தமிழ்ச் சனம் கிடையாது. அடிக்கடி எழுதுங்கள்.

என்றும் அன்புள்ள,
வதனா


அளவெட்டி
1975 ஜூன் 19

வதனாவுக்கு அன்புடன் எழுதுவது.

உமது கடிதம் கிடைத்தது. தேசிக்காய் கொடுக்கவே கூடாது. கேட்டதே பிழை. அந்தக் குளிரில் புளிப்பு உள்ளே போனால் நெஞ்சில் சளி கட்டும், பிறகு மாந்தம் இழுக்கும். வெள்ளைக்காரப் பிள்ளையின் உடம்பு வேறு, எங்கள் பிள்ளையின் உடம்பு வேறு. அந்தச் சிஸ்டருக்குத் தலையாட்டினது சரி. அப்படியே ஆட்டிக்கொண்டிரும்.

நீர் பட்டதாரி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அம்மா கண்ணை மூடினபோது தம்பி கேதீஸ் கைக்குழந்தை, எனக்குப் பதினாறு வயது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவனைத்தான் காட்டி அனுப்பினேன். பெறாதவளுக்கு என்ன தெரியும் என்று உமக்குத் தோன்றலாம். பெற்றவர்கள் என்ன வளர்த்தீர்கள் என்று பிறகு பார்ப்போம்.

அனுப்பின படம் பார்த்தேன். பிள்ளையைப் பொதி தூக்கினமாதிரித் தூக்கி வைத்திருக்கிறீர். கழுத்துக்குக் கீழே கை கொடும். கேதீஸ் மெலிந்துபோனான். சமைக்கிறீரா, இல்லை எந்நேரமும் அந்தக் கிழவனுக்கு ரைப் அடிக்கிறீரா?

நேர்த்தி வைத்ததை மறந்தவனை வைரவர் மறக்கமாட்டார். கிழவனிடம் சொல்லிவிடும், சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
சிவனேஸ்வரி


வெரிபீ
1975 ஜூலை 10

அன்புள்ள மச்சாளுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் தம்பி கையோடு கொண்டுவருவார். கடிதம் மட்டுமல்ல, வைதேகியையும்.

அவர் எல்லாம் சொல்வார். இருந்தாலும் நானும் எழுதவேண்டும். மூன்று கிழமையாகப் பிள்ளை தொட விடுகிறாளில்லை. துணி மாற்றக் காலைப் பிடித்தால் அலறுகிறாள். கால்களைத் தவளை மாதிரி அகட்டி வைத்துக்கொண்டு அசையாமல் கிடக்கிறாள். நான் அறைக்குள் வருகிற சத்தத்துக்கே முகம் கோணுகிறது. தொடை வீங்கியிருக்கிறது. பல் முளைத்த இடத்தில் முரசு கத்தரிக்காய் நிறம். செவ்வாய்க்கிழமை காலையில் இடது கண்ணைச் சுற்றிக் கன்றிப்போயிருந்தது, யாரோ குத்தினமாதிரி.

டொக்டரிடம் கொண்டுபோனோம். பார்த்துவிட்டு, உங்கள் தம்பியை வெளியே இருக்கச் சொன்னார்.

"பிள்ளையை வீட்டில் யார் பார்க்கிறது?"

"நான்."

"வேறு யாரும்?"

"ஒருத்தருமில்லை."

"விழுந்தாளா?"

"இல்லை."

"உனக்கு நித்திரை குறைவாக இருக்கும், என்ன?" அதை மிக மெதுவாகக் கேட்டார். வரும் வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கவேண்டுமாம். அங்கே ஒரு பெண் வந்து என்னோடு தனியே கதைப்பாளாம்.

காருக்குள் உங்கள் தம்பி நேராகக் கேட்டார்: "கை வைச்சனீரோ?"

"உங்களாணை இல்லை."

"அப்ப ஆர்? பேயோ?"

சிறிது தூரம் போனபின், "வியாழக்கிழமை போனமெண்டால் பிள்ளையைக் கவுண்மேந்து எடுத்துப்போடும். பிறகு கண்ணாலையும் காணேலாது. அக்காட்டைக் கொண்டுபோறன்" என்றார். இரண்டு பேரும் வெளிக்கிட்டால் ஓடிவிட்டார்கள் என்று பொலிஸ் தேடுமாம். ஒருவர் வீட்டில் நின்று, பிள்ளை ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லவேண்டுமாம். அந்த ஒருவர் நான்.

நான் ஓம் என்றேன், மச்சாள். நீங்கள் நம்பமாட்டீர்கள், நானாகத்தான் சொன்னேன். என் கை பட்டால் அலறுகிற பிள்ளையை வைத்திருக்க எனக்கு என்ன உரிமை? நான் அடிக்கவில்லை. ஆனால் இப்போது காலையில் எழும்பியதும் என் கைகளைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பையில் இரண்டு கம்பளிச் சட்டை இருக்கிறது. அங்கே தேவைப்படாது, மணத்துக்காக வைத்தேன். இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் நோவு குறைவு.

வதனா


அளவெட்டி
1975 ஜூலை 24

வதனாவுக்கு,

நீர் அனுப்பின பொருள் சேதமாக வந்து சேர்ந்தது என்று எழுதினால் கோபிக்காதேயும். யாழ்தேவி ரெயினில் பெட்டி முழுக்கப் பிள்ளையைப் பார்த்ததாம். ஒரு மனிசி கேதீஸிடம், "தம்பி, தாய் இல்லாப் பிள்ளையோ?" என்று கேட்டாளாம். அவன் ஓம் என்றானாம். எனக்குச் சொல்லும்போது அழுதான். சின்னனில் விழுந்தால்கூட அழாதவன்.

நாவூறு கழித்தேன். வைரவருக்கு வடைமாலை சாத்தினேன். வயித்தியர் ஒருவரிடமும் காட்டவில்லை, காட்டினால் ஊர் கேட்கும், கேட்டால் உமது பெயரைத்தான் சொல்லவேண்டி வரும். கொஞ்சம் சிணுங்குகிறாள், புது இடம்தானே. இங்கே அவளில் யாரும் கை வைக்கப் போவதில்லை. பாலை நான் நாலு முறை காய்ச்சுகிறேன்.

பிள்ளை பள்ளிக்கூட வயது வருமட்டும் இங்கே இருக்கட்டும் என்று கேதீஸிடம் சொன்னேன். அவனுக்குச் சம்மதம். என்னைக் கேட்டா கல்யாணம் முடித்தீர்கள், இதற்குமட்டும் உம்மைக் கேட்பதற்கு. நீங்கள் இரண்டுபேரும் பேராதனையில் முடிவெடுத்துவிட்டு எனக்குக் கடிதம் போட்டனீங்கள். இப்போது நாங்கள் இரண்டுபேரும் முடிவெடுத்துவிட்டு உமக்குப் போடுகிறோம்.

கம்பளிச் சட்டையைப் பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்கு விரித்திருக்கிறது.

சிவனேஸ்வரி


வெரிபீ
1975 ஓகஸ்ட் 3

மச்சாள்,

இன்று காலை தந்தி அடித்தேன். "தேசிக்காய்ச் சாறு உடனே கொடுக்கவும்" என்று வந்திருக்கும். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பீர்கள். தயவுசெய்து இதை முழுவதும் வாசியுங்கள்.

பெலமி தந்த ஏழாம் அத்தியாயத்தை நேற்று அடித்தேன். கரையைக் காணாமல் மாதக்கணக்கில் போன கப்பல்களில், உப்பிறைச்சியும் காய்ந்த பிஸ்கற்றும் மட்டும் தின்றவர்களுக்கு ஒரு நோய் வந்ததாம். முதலில் கால் நோவு. பிறகு வீக்கம். முரசு ஊதிக் கறுக்கும். அடிக்காமலே உடம்பெல்லாம் கன்றும். எப்போதோ ஆறிய காயம் திரும்பப் பிளக்கும், பொருந்திய எலும்பு விடும். படுத்திருக்கும் தொங்குபடுக்கையில் யாரும் முட்டினாலே பெரிய ஆம்பிளைகள் ஓலமிட்டு அழுதார்களாம். காலை அகட்டி வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தார்களாம்.

அந்த வரியை அடித்தபோது என் விரல் நின்றுவிட்டது. நான் பெற்ற பிள்ளையைப் பற்றி, அவள் பிறக்க முந்நூறு வருஷத்துக்கு முந்தியே யாரோ எழுதி வைத்திருக்கிறான்.

அவர்களையும் நம்பவில்லை, மச்சாள். சோம்பேறிக்குத்தான் இந்த நோய் வரும் என்று கப்டன்மார் சொன்னார்கள். எழும்ப ஏலாதவனைக் கசையால் அடித்து வேலைக்கு எழுப்பினார்கள். அவன் மேல்தட்டுக்கு ஏறி நாலு அடி வைத்து விழுந்து செத்தான். பிணத்தைப் பாய்த்துணியில் தைக்கவும் பலமுள்ள ஆள் இல்லாமல் அப்படியே உருட்டிவிட்டார்கள்.

ஒரு இங்கிலீஷ் கப்டன் மட்டும் காலையில் ஒவ்வொருவனுக்கும் மூன்று கரண்டி தேசிக்காய்ச் சாறு கொடுத்தான். அவன் கப்பலில் ஆட்கள் நடந்து திரிந்தார்கள். கூடவந்த மற்றக் கப்பல்களில் பாய் இழுக்க ஆளில்லை. எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். பார்த்தும் விட்டுவிட்டார்கள்! அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டு, ஆயிரக்கணக்கில் கடலில் போட்டார்கள். கடைசியில் புத்தி வந்து சாறு ஏற்றியபோதும், பழுதாகாமல் இருக்கக் காய்ச்சி இறுக்கி ஏற்றினார்கள். காய்ச்சியதில் சத்துப் போய்விட்டது. திரும்பவும் செத்தார்கள்.

மச்சாள், நாங்கள் பாலைக் காய்ச்சினோம். மூன்று முறை. இருந்த கொஞ்சச் சத்தையும் காய்ச்சிவிட்டு, பழமும் கொடுக்காமல் விட்டோம். யாரும் அவளை அடிக்கவில்லை. நானும் இல்லை.

ஒரு தேக்கரண்டி சாறு, ஆறின தண்ணீரில். காலை, மத்தியானம், பின்னேரம். மூன்றே மூன்று கரண்டி. கொதிக்க வைக்கவேண்டாம். சுடுதண்ணீரிலும் விடவேண்டாம். நான் சொன்னதாக ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. வைரவர் கனவில் வந்து சொன்னார் என்று சொல்லுங்கள். நான் ஒருநாளும் மறுத்துக் கதைக்கமாட்டேன்.

வதனா


வெரிபீ
1975 செப்டெம்பர் 7

மச்சாள்,

மூன்று தந்திக்கும் பதில் இல்லை. கடிதத்துக்கும் இல்லை. கல்லுக்குக் கீழே வைத்ததுபோலக் கிடக்கிறதா, இல்லை வாசித்துவிட்டீர்களா என்று தெரியவில்லை.

உங்கள் தம்பி திரும்பி வந்ததும் அத்தியாயத்தை வாசிக்கக் கொடுத்தேன். இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, "கப்பல்காரன்ரை வருத்தம் அளவெட்டியிலை கிடக்கிற பிள்ளைக்கு எப்பிடி வரும்? அக்காவுக்குப் பிள்ளை வளர்க்கப் படிப்பிக்கப் போறீரோ?" என்றார். சாறு கொடுக்கச் சொல்லி உங்களுக்கு ஒரு வரி எழுதும்படி அவரைக் கேட்டேன். மாட்டேன் என்றார். காலில் விழுந்தேன். காலை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

வைதேகி எப்படி இருக்கிறாள் என்று அவரிடம் கேட்டால், "அக்கா பாக்கிறா" என்பதுதான் பதில்.

நான் யோசித்துப் பார்த்தேன். நான் சொல்லி நீங்கள் கொடுத்து, அவள் சுகமானால், பிழை யாருடையது என்று தெரிந்துவிடும். பிறகு நான் வந்து பிள்ளையைக் கேட்பேன். அதுதானே?

கேட்கமாட்டேன். வைரவர்மேல் ஆணையாக எழுதுகிறேன். வைதேகி உங்கள் பிள்ளை. உங்களையே அம்மா என்று கூப்பிடட்டும். நான் அந்தப் படலையடிக்கு வரமாட்டேன், படம் கேட்கமாட்டேன், அவளைப் பற்றி ஒரு வரி விசாரிக்கமாட்டேன். நான்தான் அடித்தேன் என்று ஊருக்குச் சொல்லவேண்டுமானால் சொல்லுங்கள். கையெழுத்து வேண்டுமானாலும் போட்டு அனுப்புகிறேன்.

அந்த மூன்று கரண்டியைக் கொடுங்கள்.

சந்திரவதனா


அளவெட்டி
1975 ஒக்டோபர் 22

அன்புள்ள வதனாவுக்கு,

கோவில் திருவிழா, மழைக்கு முந்திக் கூரை வேலை என்று எழுத நேரம் கிடைக்கவில்லை.

பிள்ளை நல்ல சுகம். வீக்கம் வற்றிவிட்டது. முரசு செந்தாமரை மாதிரி இருக்கிறது. முந்தநாள் கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள். தானாகவே இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு விழுந்தாள். அழவில்லை. தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். இப்போது தொடுகிறபோதெல்லாம் சிரிப்புத்தான்.

எங்கள் தேசி இம்முறை நல்ல காய்ப்பு. கொதிக்க வைக்கவில்லை.

உமக்கு ஒளித்து எனக்கு என்ன. தேசிக்காய் கொடுக்கச் சொன்ன உமது முதல் கடிதம் ஆவணியிலேயே வந்தது. நீர் படித்தவள், காரணம் இல்லாமல் எழுதமாட்டீர் என்று எனக்குத் தெரியும். வாசித்துவிட்டு விளக்கை நூர்த்துவிட்டுப் படுத்தேன். பிள்ளை விடியும்வரை அனுங்கிக்கொண்டு கிடந்தது. அந்தக் கடிதம் வந்த அன்று நான் தேசி மரத்தடிக்குப் போகவில்லை. நீர் ஆணை வைத்த இரண்டாவது வந்த அன்று போனேன்.

ஆணை வைரவர்மேல் வைத்தது. நீர் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார் என்று முந்தியே எழுதியிருக்கிறேன்.

போன கிழமை வாய் திறந்து பேசினாள். என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள். எந்தப் பிள்ளைக்கும் முதலில் வருகிற சொல்தான். நான் திருத்தவில்லை.

கேதீஸை நன்றாகப் பார்த்துக்கொள்ளும். உமக்கு இன்னும் வயது இருக்கிறது.

சிவனேஸ்வரி


வெரிபீ
1975 நவம்பர் 6

அன்புள்ள மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த முறை நானே உடைத்தேன். தபால்காரன் வரும் நேரம் படலையில் நிற்கப் பழகிவிட்டேன்.

எழும்பி நின்றாள் என்ற இடத்தைப் பலமுறை வாசித்தேன். கொடுத்ததற்கு நன்றி. உண்மையாகவே சொல்கிறேன். நீங்கள் எடுத்த நேரத்தையும் நான் மறக்கமாட்டேன்.

அந்த டொக்டரிடம் நானே போனேன். ஏழாம் அத்தியாயத்தை மேசையில் வைத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் கண்டதில்லை" என்றார். பிறகு, "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. எலும்பில் இன்னும் அடையாளம் இருக்கும். யாரோடு கதைக்கவேண்டுமோ நானே கதைக்கிறேன்" என்றார்.

பதினெட்டாம் திகதி கொழும்பில் இறங்குகிறேன். மறுநாள் யாழ்தேவி. உங்கள் தம்பிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை வாசிக்கத்தானே அவருக்குப் பிடிக்கும். ஆனால் அது இங்கே வந்து சேரும்போது நான் அங்கே நிற்பேன்.

ஆணையை நான் மறக்கவில்லை. அது புயலுக்குள் வைத்த நேர்த்தி, மச்சாள். இப்போது கரை தெரிகிறது. வைரவர் தண்டிப்பதென்றால் என்னைத் தண்டிக்கட்டும். நீங்கள் மரத்தடிக்குப் போகாமல் படுத்திருந்த அந்த இரவுகளையும் அவர் அங்கேதான் நின்று பார்த்திருப்பார். எங்கள் இருவரில் யாரிடம் முதலில் வருகிறார் என்று பார்ப்போம்.

என்னை அவளுக்குத் தெரியாது. உங்கள் கழுத்தைவிட்டுப் பிரிக்கும்போது வீரிட்டு அழுவாள். அழட்டும். என் கை பட அழுதவள்தானே, இன்னும் கொஞ்சம் அழட்டும். உங்களைக் கூப்பிட்டு அழுவாள். கொழும்புவரைக்கும், பிளேனுக்குள்ளும், இங்கே வந்து கன நாளுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அழுவாள். நானும் திருத்தமாட்டேன். தானாக மாறும்.

நான் வரும்வரைக்கும் காலை ஒரு கரண்டி, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று.

வைதேகியின் அம்மா